மெட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு கோல் போஸ்ட்

மூணாறு தேயிலைத் தோட்டங்களில் குடும்பத்தோடு பந்தாட்டம் பார்ப்பது தலைமுறைகளாகத் தொடரும் பழக்கம். போடியிலிருந்து பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மலையேறும் பெற்றோர் எதை ரசிக்கலாம், எதில் உஷாராக இருக்க வேண்டும், ஊர் திரும்பியபின் என்ன செய்யலாம்? ஒரு சிறப்புப் பார்வை.

பழைய மூணாறு மைதானம். தோட்டத் தொழிலாளர் அணிகள் மோதும் பின்லே கேடயத்துக்கான இறுதி ஆட்டம் என்றால், ஆட்டக் கோட்டுக்கு வெளியே நிற்க இடம் பிடிப்பதே தனிப் போட்டி. கொழுந்து பறித்துக் காய்ப்புக் காய்த்த கைகள் அன்றைக்கு எஸ்டேட் கொடியை ஆட்டுகின்றன. அப்பாவின் தோளில் உட்கார்ந்திருக்கும் பொடியனுக்கு ஆஃப்சைடு என்றால் என்னவென்று தெரியாது. ஆனால், ரைட் பேக் நிற்கிறவர் பக்கத்து லயத்து (தொழிலாளர் குடியிருப்பு வரிசை) மாமா என்று தெரியும். கோல்கீப்பர், ஃபாக்டரியில் நைட் ஷிஃப்ட் பார்க்கிறவர். பந்து வெளியே வந்து விழுந்ததும் எடுத்துக் கொடுக்கப் பத்துச் சிறுவர்கள் பாய்கிறார்கள். எடுத்தவன் உடனே கொடுப்பதில்லை. ஒரு தட்டுத் தட்டி, ஒரு உதை உதைத்துப் பார்த்துவிட்டுத்தான் கொடுக்கிறான்.

மெஸ்ஸியையும் ரொனால்டோவையும் செல்போனிலேயே பார்த்துப் பழகிய பிள்ளைக்கு, பந்து ஆடுகிறவர் நமக்குத் தெரிந்த மனிதராகவும் இருக்கலாம் என்பது புதுச் செய்தி. அந்தச் செய்திக்காகவே போடிமெட்டு ஏறலாம்.

கம்பெனி தொடங்கியது, லயம் எடுத்துக்கொண்டது

மூணாறு மலையில் தேயிலை பயிரிட்ட கண்ணன் தேவன் கம்பெனி 1897-ல் உருவானது. அதை நடத்திய ஸ்காட்லாந்து நிறுவனமான ஜேம்ஸ் பின்லேயின் பெயரில், 1941-ல் தோட்டத் தொழிலாளர்களுக்காகக் கால்பந்துப் போட்டி தொடங்கியது. பின்னாளில் பின்லேயோடு டாடா சேர்ந்தது, டாடா டீ ஆனது. 2005-ல் கண்ணன் தேவன் ஹில்ஸ் பிளாண்டேஷன்ஸ் என்ற புதுக் கம்பெனி பிறந்து, தொழிலாளர்களே பெரும்பான்மைப் பங்குதாரர்கள் ஆனார்கள். முதலாளியின் பெயர் இத்தனை முறை மாறியும் கேடயத்தின் பெயர் மாறவில்லை. குண்டுமலை, மாட்டுப்பட்டி, நல்லதண்ணி, பெரியவரை, வாகுவரை, சொக்கநாடு என்று எஸ்டேட் பெயர்கள்தான் இந்த மலைக்கு பார்சிலோனாவும் மான்செஸ்டரும்.

அந்த லயங்களில் வாழ்கிறவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். திருநெல்வேலி, மதுரை, ராமநாதபுரம், தேனிச் சீமைகளிலிருந்து ஏறிப் போனவர்களின் பேரன் பேத்திகள். அப்போது மலைக்கு வாசல் போடிதான். டாப் ஸ்டேஷனிலிருந்து ரோப்வேயில் தேயிலைப் பெட்டிகள் கொட்டகுடிக்கு இறங்கும். அங்கிருந்து போடிக்கு வரும். மேலே மூணாறுக்கும் டாப் ஸ்டேஷனுக்கும் இடையே ஓடிய குட்டி ரயிலை 1924 வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. 1956-ல் மாநில எல்லை வகுத்தபோது தேவிகுளம் கேரளத்தோடு போனது. சொந்தபந்தம் மட்டும் எல்லை பார்க்கவில்லை. கல்யாணம், காதுகுத்து, இழவு எல்லாவற்றுக்கும் இன்றும் மெட்டு ஏறி இறங்குகிறார்கள். அந்தப் பட்டியலில் பந்தாட்டத்தையும் சேர்க்க வேண்டியதுதான்.

டிக்கெட் கூட்டமும் ஊர்க் கூட்டமும்

2025 டிசம்பர் 13 அன்று கொல்கத்தா சால்ட் லேக் மைதானத்தில் நடந்தது பலருக்கும் நினைவிருக்கும். லியோனல் மெஸ்ஸியைப் பார்க்க ஆயிரக்கணக்கில் பணம் கொடுத்து, பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். வந்த மெஸ்ஸியைப் பிரமுகர்களும் பாதுகாவலர்களும் சூழ்ந்து நின்றதில் கேலரிக்கு அவர் சரியாகத் தெரியவே இல்லை. சீக்கிரமே கிளம்பியும் போனார். பாட்டில்கள் பறந்தன, நாற்காலிகள் உடைந்தன. அப்பா கையைப் பிடித்துக்கொண்டு வந்த குழந்தை அன்று பார்த்தது கால்பந்து ஆட்டத்தை அல்ல, பெரியவர்களின் ஆத்திரத்தை.

எஸ்டேட் ஆட்டத்தில் அந்தச் சிக்கல் இல்லை. டச்லைனுக்கும் கூட்டத்துக்கும் நடுவே சில அடிதான். ஆட்டக்காரரின் மூச்சிரைப்பு கேட்கும். தோற்ற அணியின் அண்ணன் அழுதுகொண்டே தண்ணீர் குடிப்பதும் தெரியும். தோல்வி என்பது மனிதர்களுக்கு நடக்கிற ஒன்று, மறுநாள் அவர்கள் வேலைக்குப் போகிறார்கள் என்பதைப் பிள்ளைகள் பார்த்துத் தெரிந்துகொள்கிறார்கள். இதைப் பாடமாக நடத்த முடியாது.

அதற்காக, ஊர்க் கூட்டம் என்றாலே பத்திரம் என்றும் சொல்லிவிட முடியாது. அணிக்கு ஏழு பேர் ஆடும் ‘செவன்ஸ்’ பந்தாட்டத்துக்குப் பேர்போன மலப்புரம் மாவட்டத்தில், காளிகாவு அருகே பூங்கோட்டில் 2022 மார்ச்சில் தற்காலிக கேலரி அப்படியே சரிந்தது. நூற்றுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள். 2025 பிப்ரவரியில் அதே மாவட்டத்தின் அரீக்கோடு பக்கம், இறுதி ஆட்டத்துக்கு முன் விட்ட வாணவேடிக்கை கூட்டத்துக்குள் பாய்ந்து முப்பதுக்கும் மேற்பட்டோருக்குக் காயம். அதே ஆண்டு ஜூன் 4 அன்று பெங்களூரு சின்னசாமி மைதான வாசலில் கிரிக்கெட் வெற்றிக் கொண்டாட்ட நெரிசலில் 11 பேர் இறந்தார்கள். அவர்களில் பள்ளிச் சிறுமியும் உண்டு.

இந்த மூன்றும் நடந்த விதம் வேறு வேறு. பெற்றோர் கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: ஆபத்து பெரும்பாலும் ஆட்டத்தில் இல்லை. ஏறி உட்காரும் இடத்தில், நுழையும் வாசலில், ஆட்டத்துக்கு முன்னும் பின்னும் நடக்கும் கொண்டாட்டத்தில் இருக்கிறது. ‘பிள்ளையை எதுக்குய்யா அந்தக் கூட்டத்துக்குள்ள இழுத்துட்டுப் போற?’ என்று வீட்டுப் பெரியவர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. வீட்டிலேயே விட்டுவிட்டுப் போவதுதான் அதற்குப் பதில் என்றில்லை. எங்கே நிற்பது என்று முன்கூட்டியே முடிவு செய்வது பதில்.

| பெட்டிச் செய்தி |
பிள்ளையோடு மலையேறும் முன்

● போடியிலிருந்து மெட்டுக்கு 17 கொண்டை ஊசி வளைவுகள். பயண வாந்தி இரண்டு வயதிலிருந்து பன்னிரண்டு வயதுவரையுள்ள பிள்ளைகளுக்குத்தான் அதிகம். வயிறு முட்டச் சாப்பிடவும் வேண்டாம், வெறும் வயிறும் வேண்டாம். செல்போனைப் பிடுங்கிவிட்டு முன்னால் சாலையைப் பார்க்கச் சொல்லுங்கள்.

● மெட்டுக்கு அப்பால் மூணாறுவரை சுமார் 42 கி.மீ. அகலப்படுத்தப்பட்ட இந்தச் சாலை 2024 ஜனவரியில் திறக்கப்பட்டது. லாக்ஹார்ட் கேப் பகுதியில் மழைக்காலத்தில் மண் சரிவது உண்டு. கிளம்பும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள்.

● உயரம் ஏற ஏற ஆயிரம் மீட்டருக்குச் சுமார் ஆறரை டிகிரி வெப்பம் குறையும். போடியில் வேர்த்த பிள்ளை மூணாறில் நடுங்கும். ஸ்வெட்டரும் தொப்பியும் கட்டாயம். குளிர்கிறதே என்று வெயிலை மறக்க வேண்டாம். உயரத்தில் புற ஊதாக் கதிரும் கூடும்.

● ஓரம்கட்டி, வெளியேறும் வழிக்குப் பக்கமாக நில்லுங்கள். மூங்கிலும் பலகையும் கட்டிய கேலரியில் பிள்ளையோடு ஏற வேண்டாம். கோல் போஸ்டுக்கு நேர் பின்னால் பந்து வேகமாக வரும்.

● குழந்தையின் கையில் பேனாவால் போன் நம்பர் எழுதுங்கள். தொலைந்தால் எங்கே வந்து நிற்க வேண்டும் என்று போனதுமே காட்டிவிடுங்கள்.

● கைக்குழந்தையை மேளத்துக்கும் ஸ்பீக்கருக்கும் பக்கத்தில் வைத்திருக்காதீர்கள்.

பார்த்தால் மட்டும் போதுமா?

ஆறு வயதுப் பிள்ளையால் தொண்ணூறு நிமிடம் உட்கார்ந்து ஆட்டம் பார்க்க முடியாது. இருபதாவது நிமிடத்தில் ஐஸ் கேட்கும், முப்பதாவது நிமிடத்தில் மண்ணில் கோடு கிழிக்கும். இது ஆர்வம் இல்லாததன் அடையாளம் இல்லை. அந்த வயசுக்கு விளையாட்டு என்பது பார்ப்பது கிடையாது, ஓடுவது. இடைவேளையில் மைதானத்தின் ஒரு மூலையை ஒதுக்கிப் பொடிசுகளுக்குப் பந்தைக் கொடுத்துப் பார்த்தால் புரியும். வெல்லக்கட்டியை எறும்பு மொய்த்த மாதிரி அத்தனை பேரும் பந்தைச் சுற்றிக்கொள்வார்கள். பாஸாவது பொசிஷனாவது!

5 முதல் 17 வயது வரையுள்ளவர்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடமாவது மூச்சு வாங்க உடலை அசைக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 2016 நிலவரத்தை வைத்து அது நடத்திய ஆய்வில், உலகெங்கும் 11 முதல் 17 வயதுக்குள் பள்ளி செல்வோரில் 81 சதவீதம் பேர் அந்த அளவை எட்டவில்லை. பையன்களைவிடப் பெண் பிள்ளைகள் நிலைமை இன்னும் மோசம். இதைச் சரிசெய்ய ஆண்டுக்கு ஒருநாள் ஆட்டம் பார்த்தால் ஆகாது. ஆனால், அந்த ஒருநாள்தான் மீதி நாளைக்கான ஆசையைக் கிளப்பிவிடுகிறது.

கால்பந்தில் கொழிக்கும் நாடுகள் இந்த ஆசையைக் கெடுக்காமல் காப்பதில்தான் கவனம் வைக்கின்றன. நார்வேயில் குழந்தைகள் விளையாட்டுக்கென்றே உரிமைச் சாசனம் உண்டு. 11 வயதுவரை ரேங்க் பட்டியலோ புள்ளி அட்டவணையோ போடக் கூடாது. இங்கிலாந்தில் குட்டிப் பிள்ளைகளுக்கு அணிக்கு ஐந்து பேர். வயது ஏற ஏற ஏழு, ஒன்பது, பிறகே பதினொன்று. காரணம் எளிது. அணிக்குப் பதினொரு பேர் ஆடும் பெரிய மைதானத்தில் ஏழு வயதுப் பிள்ளை பந்தைத் தொடுவதே அபூர்வம். ஐவர் ஆட்டத்தில் நிமிடத்துக்கு நிமிடம் பந்து காலுக்கு வரும். இந்தியாவிலும் அகில இந்தியக் கால்பந்து சம்மேளனம் 2018-ல் ‘பேபி லீக்’ என்று தொடங்கியது. பெற்றோரே சேர்ந்து நடத்தலாம் என்பதுதான் அதன் சிறப்பு.

| பெட்டிச் செய்தி |
வயசுக்கு ஏற்ற பந்து

● 8 வயதுக்குள்: 3-ம் நம்பர் பந்து. 8 முதல் 12 வரை: 4-ம் நம்பர். அதற்குமேல்: 5-ம் நம்பர்.

● பெரியவர்கள் ஆடும் 5-ம் நம்பர் பந்தின் சுற்றளவு 68 முதல் 70 செ.மீ., எடை 410 முதல் 450 கிராம். ஆறு வயதுக் காலுக்கு இது பாரம். ஒரே உதையில் வலித்துவிட்டால் அடுத்த முறை பந்துக்கே வரமாட்டார்கள்.

● தலையால் முட்டப் பழக்க வேண்டாம். முன்னாள் தொழில்முறை ஆட்டக்காரர்களுக்கு மூளைச் சிதைவு நோயால் இறக்கும் அபாயம் மற்றவர்களைவிட மூன்றரை மடங்கு என்று கிளாஸ்கோ பல்கலைக்கழக ஆய்வு 2019-ல் கண்டது. அமெரிக்கக் கால்பந்து அமைப்பு 10 வயதும் அதற்குக் கீழும் உள்ள பிள்ளைகள் தலையால் முட்டுவதைத் தடை செய்துள்ளது.

● பூட்ஸ் அவசியமில்லை. சாதாரண கேன்வாஸ் ஷூ போதும்.

ஏலத்தோட்டத்துப் பிள்ளைக்கு எந்த மைதானம்?

தேயிலைக்காரர்களுக்குப் பின்லே கேடயம் வாய்த்ததற்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. பெரிய கம்பெனி, ஒரே நிர்வாகம், தோட்டத்துக்குள்ளேயே லயம், ஃபாக்டரியைச் சுற்றிச் சமப்படுத்திய நிலம். ஆட்டக்காரரும் ரசிகரும் ஒரே இடத்தில் குடியிருக்கிறார்கள். போடி, தேவாரம், உத்தமபாளையம் பக்கத்திலிருந்து ஏலத்தோட்டத்துக்கு வேலைக்குப் போகிறவர்களின் கதை வேறு. ஏலச்செடி மர நிழலில், சரிவில் வளரும். சமதரை என்று ஒன்றைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். தோட்டங்களும் பல கைகளில் சிதறிக் கிடக்கின்றன. விடியும் முன்னே தூக்குவாளியும் மழைக்கோட்டுமாக ஜீப்பில் நெருக்கியடித்து ஏறும் அம்மா, காயெடுத்தும் களையெடுத்தும் பொழுது சாய்ந்துதான் இறங்குகிறார். அவர் வேலை பார்க்கும் இடத்துக்கும் பிள்ளை வளரும் இடத்துக்கும் நடுவே ஒரு மலையும் ஒரு மாநில எல்லையும் இருக்கின்றன.

1951-ம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் தேயிலை, காப்பி, ரப்பரோடு ஏலத்தையும் கணக்கில் கொண்டது. 5 ஹெக்டேரும் 15 தொழிலாளரும் இருந்தால் சட்டம் பொருந்தியது. குழந்தைகள் காப்பகம், பள்ளி வசதி ஆகியவற்றோடு தொழிலாளருக்கும் அவர்கள் பிள்ளைகளுக்கும் பொழுதுபோக்கு வசதி செய்து தரச் சொல்ல மாநில அரசுக்கு அதில் அதிகாரம் இருந்தது. அதன் இடத்துக்கு வந்த 2020 தொழிற்பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் தோட்டத் தொழிலாளர் வசதிகள் பற்றிய பிரிவு உண்டு. ஆனால், இந்த ஏற்பாடு முழுக்க, தொழிலாளியும் பிள்ளையும் தோட்டத்திலேயே குடியிருப்பார்கள் என்று நினைத்து எழுதப்பட்டது. தினமும் மலையேறி இறங்குகிற குடும்பத்துக்கு அது எட்டுவதில்லை. அந்தப் பிள்ளைக்கு மீதமிருப்பது ஊரிலுள்ள பள்ளி மைதானம்தான்.

ஒவ்வொரு பள்ளிக்கும் விளையாட்டு மைதானம் இருக்க வேண்டும் என்கிறது 2009-ம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை. மைதானம் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்று அரசு விதி வகுக்க வேண்டும், அதைப் பின்பற்றாத பள்ளிகளை மூடக்கூடத் தயங்கக் கூடாது என்று கேரள உயர் நீதிமன்றம் 2024-ல் கண்டிப்பாகச் சொன்னது. சட்டம் தெளிவு. ஞாயிற்றுக்கிழமை பள்ளி கேட்டில் தொங்கும் பூட்டைப் பற்றி எந்தச் சட்டமும் பேசவில்லை. அம்மா அப்பா இருவரும் வீட்டில் இருக்கிற ஒரே நாள் அதுதான்.

அவளுக்கும் ஒரு ஜெர்சி

2015 செப்டம்பரில் மூணாறு சாலையை மறித்து உட்கார்ந்து, போனஸ் கேட்டுக் கம்பெனியையும் தொழிற்சங்கங்களையும் ஒருசேர ஆட்டிவைத்தவர்கள் ‘பெம்பிளை ஒருமை’ (பெண்கள் ஒற்றுமை) என்ற பெயரில் திரண்ட தேயிலைத் தோட்டப் பெண்கள். பந்தாட்ட மைதானத்தில் மட்டும் களம் ஆண்களுக்கு, கரை பெண்களுக்கு என்பதே நெடுநாள் வழக்கமாக இருந்துவந்தது. அண்ணனோடு ஆட்டம் பார்க்க வந்த தங்கச்சி, நாமும் ஆடலாம் என்று எதைப் பார்த்து நினைப்பாள்?

பார்க்க ஆள் இருக்கிறார்கள். தமிழ்நாட்டுப் பெண்கள் அணி 2018 பிப்ரவரியில் மணிப்பூரை வீழ்த்தி முதல்முறையாகத் தேசிய சாம்பியன் ஆனது. 2023-ல் ஹரியானாவை வென்று மறுபடியும் கோப்பையைத் தூக்கியது. இந்திய அணியின் நடுக்களத்தில் ஆடிய இந்துமதி கதிரேசன் கடலூர்க்காரர். தமிழ்நாடு காவல்துறையில் அதிகாரி. போடியிலிருந்து ரயில் ஏறினால் எட்டிவிடும் மதுரையைச் சேர்ந்த சேது எஃப்.சி. அணி, 2018-19 இந்திய மகளிர் லீக் பட்டத்தையே வென்றது.

ஆண்கள் பக்கமும் கைக்கெட்டும் உதாரணங்கள் உண்டு. பெங்களூரு அணிக்குக் கோல் அடித்த சிவசக்தி நாராயணன் சிவகங்கை மாவட்டம் கண்டனூரைச் சேர்ந்தவர். இந்திய அணியில் ஆடிய நந்தகுமார் சேகரும் தனபால் கணேஷும் வடசென்னை வியாசர்பாடியில் ஆடிப் பழகியவர்கள். அங்கே 1990-களின் கடைசியில் இளைஞர்கள் சிலர் தெருப் பிள்ளைகளைச் சேர்த்துப் பந்து பழக்கத் தொடங்கியதன் விளைச்சல் அது. மூலதனம் ஒரு மைதானமும், தினமும் மாலையில் அங்கே வந்து நின்ற நாலு பெரியவர்களும்தான்.

போடியில் ஒரு ஞாயிறு

பொங்கல் வந்தால் நம் ஊர்களில் எல்லா வயதுக்கும் போட்டி உண்டு. கரண்டியில் எலுமிச்சை, சாக்கு ஓட்டம், பானை உடைப்பது, கோலம், கபடி. குடும்பத்தோடு விளையாட்டு நாள் நடத்தத் தமிழ் ஊருக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. அதில் ஒரு பந்தைச் சேர்ப்பதுதான் பாக்கி. தேதி வேண்டுமென்றாலும் தட்டுப்பாடில்லை. மே 15 ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பின் அடித்தளக் கால்பந்து நாள். மே 25-ஐ உலகக் கால்பந்து தினமாக ஐ.நா. பொதுச் சபை 2024-ல் அறிவித்தது. ஜூன் 23, பழம்பெரும் வீரர் பி.கே.பானர்ஜியின் பிறந்தநாள்; இந்தியாவில் அடித்தளக் கால்பந்து நாளாகக் கொண்டாடப்படுகிறது. முதல் இரண்டும் கோடை விடுமுறைக்குள் வருகின்றன.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். முழு அளவு மைதானம் 105 மீட்டர் நீளம், 68 மீட்டர் அகலம். ஐவர் ஆட்டத்துக்கு 37 மீட்டருக்கு 27 மீட்டர் இருந்தால் தாராளம். ஆகவே, ஒரு மைதானத்தில் நான்கு குட்டி மைதானங்கள் இடைவெளியோடு அடங்கும். ஒரே நேரத்தில் 40 பிள்ளைகள் ஆடலாம். 15 நிமிட ஆட்டம், ஆள் மாற 5 நிமிடம் என்று வைத்தால் மணிக்கு மூன்று சுற்று. வெயில் ஏறுமுன், காலை ஆறரையிலிருந்து எட்டரைக்குள் ஆறு சுற்று. 240 பிள்ளைகள் ஆளுக்கொரு ஆட்டம் ஆடிவிட்டு இட்லி சாப்பிடப் போகலாம். தேவை நான்கு சின்னப் பந்து, இரண்டு நிறத்தில் பழைய டி-ஷர்ட்டுகள், கோல் போஸ்டுக்குச் செருப்பு அல்லது செங்கல், எல்லைக் கோட்டுக்குச் சுண்ணாம்பு, பானையில் தண்ணீர், முதலுதவிப் பெட்டி, விசில் ஊத நான்கு காலேஜ் பிள்ளைகள். ஆண், பெண் கலந்த அணிகளாகவே பிரிக்கலாம். பத்து வயதுவரை உடல் வலுவில் பெரிய வித்தியாசம் கிடையாது. ஸ்கோர் எழுத வேண்டாம், கோப்பை வேண்டாம், மேடையும் மைக்கும் வேண்டவே வேண்டாம். பெற்றோர் கோட்டுக்கு வெளியே நின்று கைதட்டலாம், ‘அடிடா, பாஸ் பண்ணுடா’ என்று கத்தக் கூடாது.

மிச்சமிருப்பது சாவி. பள்ளித் தலைமையாசிரியருக்கும் பெற்றோர் அடங்கிய பள்ளி மேலாண்மைக் குழுவுக்கும் ஒரு கடிதம் எழுத வேண்டும். தேதி, நேரம், எத்தனை பிள்ளைகள், பொறுப்பு யார் என்று நான்கு விவரம் போதும். ஆட்டம் முடிந்ததும் மைதானத்தைப் பெருக்கிக் குப்பையை அள்ளிவிட்டுத்தான் போவோம் என்று ஐந்தாவதாக ஒரு வரியும் சேர்த்துக்கொண்டால், அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் கேட்டைத் திறந்துவிடக் கேட்பது சுலபம்.